உறுப்பினரா, கட்சிக்காரரா?

கேள்வி: ஐயா, ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருஷமாகத் தையல் பிரிவில் வேலை செய்கிறேன். வீடு பேரணாம்பட்டு. எங்கள் சங்கம் ஆரம்பித்து ஒன்பது வருஷம் ஆகிறது. 400 பேருக்கு மேல் இருக்கிறோம், முக்கால்வாசிப் பேர் பெண்கள். இந்த வருஷம் என்னைத் துணைச் செயலாளர் ஆக்கினார்கள். போன பொதுக்குழுவுக்கு வந்தது 47 பேர். அவர்களும் 'போனஸ் எவ்வளவு, எப்போ வரும்' என்று கேட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். சம்பள ஒப்பந்தம் இன்னும் ஏழு மாதத்தில் முடிகிறது. அதற்குள் உறுப்பினர்களுக்கு வகுப்பு மாதிரி ஏதாவது நடத்தலாம் என்று செயற்குழுவில் சொன்னேன். எங்கள் தலைவர் வெளியாள், வயதில் பெரியவர், நல்ல மனிதர். 'நாலு பேருக்குச் சட்டம் தெரிஞ்சா நாற்பது கேள்வி வரும்மா. நாம பேசி வாங்கித் தந்தா போதாதா?' என்று சிரித்துக்கொண்டே முடித்துவிட்டார். அவர் சொல்வது சரியா? சங்கப் பணத்தை இதற்குச் செலவு செய்யலாமா? ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ் கிளம்பிவிடும், எப்போது நடத்துவது? நான் பத்தாவதுதான் படித்தேன். நான் பாடம் சொன்னால் யார் கேட்பார்கள்?
– வாசகி, பேரணாம்பட்டு

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தலைவர் போட்ட கணக்கில் தப்பு இல்லை. நாலு பேருக்கு விஷயம் தெரிந்தால் நாற்பது கேள்வி வரத்தான் செய்யும். முதல் இரண்டு மாதம் அத்தனையும் அவரைப் பார்த்தும் உங்களைப் பார்த்தும்தான் வரும். நிர்வாகத்தின் பக்கம் திரும்பக் கொஞ்ச நாள் ஆகும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 'உங்கள் பேச்சைக் கேட்டு ஆரம்பித்தேன், இப்போது என்னையே மடக்குகிறார்கள்' என்று அப்புறம் இன்னொரு கடிதம் வரக் கூடாது, பாருங்கள்.

ஆனாலும் நடத்துங்கள். ஏன் என்பதை என் தொழிலை வைத்தே சொல்கிறேன்.

வேலூர் தொழிலாளர் நீதிமன்றத்தில் இருபது வருஷத்துக்கு மேலாகத் தொழிலாளர் பக்கம் நின்று வழக்காடுகிறேன். என் மேசைக்கு எதிரே உட்காருகிறவரைக் கட்சிக்காரர் என்போம். கட்சிக்காரருக்குச் சட்டம் தெரியவேண்டியதில்லை. வக்காலத்தில் கையெழுத்துப் போடுவார், பீஸ் கொடுப்பார், வாய்தாவுக்கு வாய்தா போன் பண்ணி 'என்ன சார் ஆச்சு' என்பார். அவ்வளவுதான் அவர் வேலை. மற்றதெல்லாம் என் தலைவலி. சங்கத்து உறுப்பினரும் இப்படி ஆகிவிட்டால் சந்தா வக்கீல் பீஸ் ஆகிவிடும், பொதுக்குழு வாய்தா ஆகிவிடும். உங்கள் 47 பேர் கேட்ட 'எவ்வளவு, எப்போ' கட்சிக்காரர் கேட்கிற கேள்வி. அவர்கள் மேல் குறை சொல்லமாட்டேன். ஒன்பது வருஷமாகச் சங்கம் அவர்களுக்குப் போட்டு வைத்திருப்பது கட்சிக்காரர் நாற்காலி, அதில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கட்சிக்காரர் வீட்டில் தூங்கினாலும் நான் கோர்ட்டில் வாதாடலாம், சட்டம் என் பின்னால் நிற்கும். பேச்சுவார்த்தை மேசையில் உட்காருகிற சங்கத் தலைவருக்குப் பின்னால் நிற்பது உறுப்பினர்கள் மட்டும்தான். அவர் எவ்வளவு நன்றாகப் பேசுகிறார் என்பதை நிர்வாகம் கண்டுகொள்ளாது. இவர் வேண்டாம் என்று எழுந்துபோனால் கட்டிங்கிலும் தையலிலும் ஷூவை அச்சில் ஏற்றுகிற லாஸ்டிங்கிலும் இருக்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்பதைத்தான் எடைபோடும்.

ஒரு பழைய கதை சொல்கிறேன். இதில் என் தப்பும் இருக்கிறது.

பன்னிரண்டு வருஷம் இருக்கும். பழைய வட ஆற்காட்டில்தான் ஒரு தொழிற்சாலை, பெயர் வேண்டாம். மூன்று வருஷ ஒப்பந்தம். சம்பள உயர்வு அந்தக் காலத்துக்கு நல்ல தொகை. கையெழுத்துக்கு முன்னால் வரைவை என்னிடம் கொண்டுவந்தார்கள். வரிவரியாகப் படித்தேன், சட்டப்படி ஓட்டை ஒன்றும் இல்லை, போடலாம் என்று சொல்லி அனுப்பினேன். தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி முன்னால் 12(3) ஒப்பந்தமாகக் கையெழுத்தானது. கேட்டில் வெடி, லட்டு. நாலாவது மாதம் அதே ஆட்கள் என் ஆபீசுக்கு வந்து நின்றார்கள். கன்வேயர் வேகத்தைக் கூட்டிவிட்டார்கள், டார்கெட்டை ஏற்றிவிட்டார்கள், ஏமாற்றிவிட்டார்கள் என்றார்கள். நான்காம் பக்கத்தைத் திருப்பினால் 'ஆர்டரின் தன்மைக்கேற்ப உற்பத்தி இலக்கை நிர்வாகம் மாற்றியமைக்கலாம். சங்கம் ஒத்துழைக்கும்' என்று ஒரு வரி. அதுவும் நான் படித்த வரிதான். ஒரு மணி நேரத்தில் எத்தனை ஜோடி தைத்தால் தோள்பட்டை தாங்கும் என்று கறுப்புக் கோட்டுக்கு எப்படித் தெரியும்? லைனில் நிற்கிற ஒரு பெண் அந்தப் பக்கத்தைப் படித்திருந்தால் அரை நிமிஷத்தில் விரலை வைத்திருப்பாள். சங்கத்தின் சார்பில் கையெழுத்துப் போட்டவர்கள் ஐந்து பேர். நாலு பேர் அந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. ஐந்தாவது ஆள் 'வக்கீல் சார் பார்த்துட்டார்' என்று நம்பிப் போட்டவர்.

12(3) என்றால் என்ன என்று உங்கள் உறுப்பினர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? நம் பக்கத்தில் எல்லோரும் வாய்ப்பாடாகச் சொல்கிற எண் அது. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் பிரிவு. சமரச அதிகாரி முன்னிலையில் அப்படிப் போட்ட ஒப்பந்தம் அந்தத் தொழிற்சாலையின் எல்லாத் தொழிலாளரையும் கட்டும். சங்கத்தில் இல்லாதவரையும் கட்டும், நாளைக்கு வேலைக்குச் சேரப்போகிறவரையும் கட்டும். வெளியிலேயே பேசிப் போடுகிற 18(1) அப்படி இல்லை, கையெழுத்திட்ட தரப்புகளை மட்டும்தான் கட்டும். லட்டு சாப்பிட்டவர்களில் ஒருவருக்கும் இது தெரியாது. தெரிந்திருந்தால் நான்காம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருப்பார்கள்.

இப்போது அந்தச் சட்டமே மாறிவிட்டது. நீங்கள் அவசரப்படவேண்டிய இடம் இது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டமும் 1947-ஆம் ஆண்டுச் சட்டமும் தொழில் உறவுகள் தொகுப்புக்குள் போய்விட்டன. இதை முழுக்கப் பாடம் எடுக்கவேண்டாம். உறுப்பினர் கட்டாயம் தெரிந்துகொள்ளவேண்டியது மூன்று விஷயம்.

முதலாவது, வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த கட்டுப்பாடு இப்போது எல்லாத் தொழிற்சாலைக்கும் வந்துவிட்டது. இரண்டாவதில்தான் நம் ஊர் ஆட்கள் மாட்டுவார்கள். ஆலையில் பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் சொல்லிவைத்த மாதிரி கேஷுவல் லீவு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம்தான். 'ஸ்டிரைக் இல்ல சார், ஆளுக்கொரு லீவு' என்கிற பழைய தந்திரம் இனி செல்லாது. சட்டவிரோத வேலைநிறுத்தம் என்றாகிவிட்டால் தொழிலாளிக்கு 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், ஒரு மாதம் வரை சிறை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கோபத்தில் வாட்ஸ்அப்பில் ஒருவர் 'நாளைக்கு யாரும் பஸ் ஏறாதீங்க' என்று போட்டால் விளைவு என்ன என்று 400 பேருக்கும் தெரிந்திருக்கவேண்டாமா?

மூன்றாவது, ஒன்றுக்கு மேல் சங்கம் இருக்கிற இடத்தில் வருகைப் பதிவேட்டில் உள்ள தொழிலாளரில் 51 சதவீதம் பேரின் ஆதரவு உள்ள சங்கமே பேச்சுவார்த்தைக்கு உரிய ஒரே சங்கம். எவருக்கும் அவ்வளவு இல்லையென்றால் 20 சதவீதமாவது உள்ள சங்கங்கள் சேர்ந்த குழு பேசும். நாளைக்கே நிர்வாகத்துக்குப் பிடித்த ஆள் ஒருவர் எதிரே இன்னொரு போர்டு மாட்டினால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். கட்சிக்காரர் வக்கீலை மாற்றுவது சகஜம், என்னையே மாற்றியிருக்கிறார்கள். அங்கே சந்தா குறைவு, தீபாவளிக்குப் புடவை தருகிறார்கள் என்றால் போய்விடுவார். இது என் சங்கம், இதன் கணக்கு எனக்குத் தெரியும், கோரிக்கைப் பட்டியலில் அந்த மூன்றாவது வரி நான் சொன்னது என்கிற உறுப்பினர் அவ்வளவு சீக்கிரம் போகமாட்டார். உங்கள் தலைவரிடம் பேசும்போது சட்டத்தையெல்லாம் விட்டுவிட்டு இந்த 51-ஐச் சொல்லுங்கள். சிரிப்பு நின்றுவிடும்.

சரி, பணம். 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவே சங்கப் பொதுநிதியை எதற்கெல்லாம் செலவழிக்கலாம் என்று ஒரு பட்டியல் கொடுத்தது. உறுப்பினர் கல்வியும் அதில் உண்டு. ஆகவே சங்கப் பணத்தைக் கல்விக்குச் செலவழிப்பது புதுசாகக் கிளம்பிய வழக்கம் இல்லை. உங்கள் விதிப்புத்தகத்தில் நிதி பற்றிய பகுதியை ஒருமுறை பார்த்துவிட்டு, செயற்குழுவில் தீர்மானம் போட்டு, மினிட்ஸ் புத்தகத்தில் எழுதி, வவுச்சர் வைத்துச் செலவு செய்யுங்கள். செலவுதான் என்ன? ஜெராக்ஸ், டீ, சுண்டல். பேனர் அடிக்காதீர்கள். பேனர் அடித்தால் பொன்னாடை வரும், பொன்னாடை வந்தால் மைக் வரும், அப்புறம் வகுப்பு எங்கே நடக்கும்?

முதல் வகுப்பு எதைப் பற்றி? எல்லோரும் சட்டத்தில்தான் ஆரம்பிக்கச் சொல்வார்கள். நான் சங்கக் கணக்கில் ஆரம்பிக்கச் சொல்வேன். போன வருஷம் சந்தா எவ்வளவு வந்தது, எதற்கெல்லாம் போனது, பேங்கில் எவ்வளவு இருக்கிறது. இதை ஒரே தாளில் எழுதி ஆளுக்கொன்று கொடுங்கள். சங்கத்தின் கணக்குப் புத்தகத்தையும் உறுப்பினர் பட்டியலையும் பார்க்க உறுப்பினருக்கு உரிமை உண்டு என்பது 1926 முதலே சட்டத்தில் இருக்கிறது. கேட்டுப் பார்த்தவரைத்தான் காணோம். தன் சங்கத்தின் கணக்கைக் கேட்கக் கூச்சப்படுகிறவர் கம்பெனியின் கணக்கை என்றைக்குக் கேட்பார்? தலைவர் நல்ல மனிதர் என்கிறீர்கள். அப்படியென்றால் இந்த வகுப்பால் அவருக்கு மரியாதைதான் கூடும். நல்ல மனிதர் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது தப்பாக இருந்தால் அதுவும் அன்றைக்கே தெரிந்துவிடும்.

அடுத்தது சம்பளச் சீட்டு. வகுப்பு எடுக்க இதைவிட நல்ல புத்தகம் உலகத்தில் கிடையாது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.எஃப். 12 சதவீதம், 1,440 ரூபாய் பிடிக்கிறார்கள். நிர்வாகமும் அதே அளவு கட்டவேண்டும். அதில் சம்பளத்தின் 8.33 சதவீதம், கிட்டத்தட்ட 1,000 ரூபாய், பென்ஷன் கணக்குக்குப் போகிறது. இங்கே நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: 'கம்பெனி மாறும்போது பி.எஃப். பணத்தை மொத்தமாக எடுத்தவர்கள் எத்தனை பேர்?' பாதிக் கை தூக்கும். பென்ஷன் வேண்டுமென்றால் பத்து வருஷம் சேவை இருக்கவேண்டும். ஒரு கம்பெனியில் ஆறு வருஷம், கணக்கை முடித்துப் பென்ஷன் பணத்தையும் எடுத்தாயிற்று. அடுத்த கம்பெனியில் ஏழு வருஷம், அங்கேயும் எடுத்தாயிற்று. பதின்மூன்று வருஷம் மிஷினில் குனிந்த பெண்ணுக்கு மாதப் பென்ஷன் ஒரு ரூபாய் கிடையாது. எடுக்காமல், கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்ணான யு.ஏ.என்.னில் மாற்றியிருந்தால் கிடைத்திருக்கும். இதை ஒரு வகுப்பில் சொல்லிப் பாருங்கள். அடுத்த வகுப்புக்கு யாரையும் கூப்பிடவேண்டியிருக்காது, அக்காளையும் நாத்தனாரையும் அழைத்துக்கொண்டு அவர்களே வருவார்கள்.

தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யும் அப்படித்தான். 12,000 ரூபாய்க்கு 0.75 சதவீதம், 90 ரூபாய் நம் கையிலிருந்து போகிறது. நிர்வாகம் 3.25 சதவீதம், 390 ரூபாய் கட்டுகிறது. மருந்து மாத்திரைக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உடம்பு சரியில்லாமல் டாக்டர் சான்றிதழோடு லீவில் இருந்தால் சராசரிச் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை வாங்கலாம். ஆனால் உரிய ஆறு மாதக் கணக்கில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்கவேண்டும். அந்த 78-ஐ எட்டுவதற்கு நாலு நாள் இருக்கும்போது தெரியாமல் லீவு போட்டுப் பலனை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

போனஸ் கேள்வியையும் விரட்டாதீர்கள், அதுதான் உங்கள் தூண்டில். குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. நடுவில் எங்கே நிற்கும் என்பதை எது தீர்மானிக்கிறது, கம்பெனியின் லாப நஷ்டக் கணக்கை எப்படிப் பார்ப்பது என்று கொண்டுபோனால் 'எவ்வளவு' என்று கேட்டவர் 'ஏன் அவ்வளவு' என்று கேட்க ஆரம்பிப்பார்.

நீங்கள் பத்தாவது படித்ததைப் பற்றி வருத்தப்பட்டிருக்கிறீர்கள். நான் பி.எல். படித்துவிட்டு எடுத்த முதல் வகுப்பைக் கேளுங்கள். குடியாத்தத்தில் ஒரு கல்யாண மண்டபம், ஞாயிற்றுக்கிழமை, பீடி சுற்றும் பெண்கள் நூறு பேருக்கு மேல். 1966-ஆம் ஆண்டு பீடித் தொழிலாளர் சட்டத்தைப் பிரிவு பிரிவாக இரண்டு மணி நேரம் விளக்கினேன். எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். நன்றாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு வயதான அம்மா எழுந்து, 'எல்லாம் சரிதான் தம்பி, ஆயிரம் பீடிக்குக் கொடுக்கிற இலை பத்தலைன்னா மிச்ச இலைக்குக் காசு யார் கொடுக்கறது?' என்றார். மண்டபமே உயிர் வந்த மாதிரி பேச ஆரம்பித்தது. அதற்குள் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. அந்தக் கேள்வியில் ஆரம்பித்திருக்கவேண்டிய வகுப்பு அது. அந்த அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

1958-இல் மத்திய தொழிலாளர் கல்வி வாரியம் ஆரம்பித்தபோதே இது தெரிந்துதான் திட்டம் போட்டார்கள். கல்வி அதிகாரிகள் போய்த் தொழிலாளரில் சிலருக்குப் பயிற்சி கொடுப்பார்கள். அந்தத் தொழிலாளர் ஆசிரியர்கள் தங்கள் ஆலையில் தங்கள் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். தத்தோபந்த் தெங்கடி தேசியத் தொழிலாளர் கல்வி, மேம்பாட்டு வாரியம் என்று இப்போது பெயர் மாறியிருக்கிறது. சென்னையில் மண்டல அலுவலகம் உண்டு. சங்கத்தின் லெட்டர்பேடில் எழுதிக் கேளுங்கள். அவர்கள் வரும்வரை காத்திருக்கவேண்டாம்.

இந்த மாநிலத்தில் சங்கம் என்பதே ஒரு சொற்பொழிவு மேடையிலிருந்து கிளம்பியதுதான். சென்னை பெரம்பூரில், பி அண்ட் சி துணி மில்லுக்குப் பக்கத்தில், செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் பக்திச் சொற்பொழிவுக்காக ஒரு சபை நடத்திவந்தார்கள். மில் தொழிலாளர்கள் வந்து கேட்பார்கள். கதை கேட்க வந்த இடத்தில் மில்லில் படுகிற பாட்டைப் பேச ஆரம்பித்து, அது 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆனது. தலைவர் பி.பி. வாடியா, கூடவே திரு.வி.க. இரண்டு பேரும் மில்லில் வேலை செய்தவர்கள் இல்லை, உங்கள் தலைவர் மாதிரி வெளியாட்கள்தான். வெளியாளால் தப்பில்லை. அவர் இல்லாத நாளில் சங்கம் வாய் திறக்குமா என்பதுதான் விஷயம்.

இதையே அவரிடம் மரியாதையாகக் கேளுங்கள். 'ஐயா, பேச்சுவார்த்தை அன்றைக்கு உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் எங்களில் யார் போவது?' அவரை ஒதுக்கிவிட்டு வகுப்பு நடத்தாதீர்கள், அது வகுப்பாக இருக்காது, கோஷ்டியாக மாறிவிடும். சங்கம் எப்படி ஆரம்பித்தது, முதல் ஒப்பந்தத்தில் என்ன கிடைத்தது, எது கிடைக்காமல் போனது என்று முதல் நாள் அவரையே பேசச் சொல்லுங்கள். பெரியவர்களுக்குக் கதை சொல்லப் பிடிக்கும். அரை மணியில் நிறுத்தவைப்பது உங்கள் சாமர்த்தியம்.

நேரம், இடம். கம்பெனி பஸ் உங்களுக்கு இடைஞ்சல் என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அது தினமும் ஓடுகிற வகுப்பறையாகத் தெரிகிறது. போகவர நாற்பது ஐம்பது பேர் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆனால் சூப்பர்வைசரும் அதே பஸ்ஸில் வருவார். ஆகவே பஸ்ஸில் பி.எஃப்., இ.எஸ்.ஐ., பிரசவ விடுப்பு பேசுங்கள், சூப்பர்வைசருக்கும் அது பிரயோஜனப்படும். ஒப்பந்தம், கோரிக்கை, பேரம் இதெல்லாம் ஊரில். ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் ஆம்பூருக்கு வரச் சொன்னால் மறுபடி 47 பேர்தான் வருவார்கள். ஒரு நாள் விடுமுறை, அதில் துணி துவைக்கவேண்டும், கறி எடுக்கவேண்டும், சர்ச்சுக்குப் போகிறவர்கள் போகவேண்டும். பஸ் ரூட்டை வைத்துப் பிரியுங்கள். பேரணாம்பட்டு ரூட்டில் இருக்கிறவர்கள் பேரணாம்பட்டிலேயே ஒருவர் வீட்டு வாசலில், சாயங்காலம் ஒரு மணி நேரம், பதினைந்து இருபது பேர். பிள்ளையைத் தூக்கிக்கொண்டே வரலாம். வராதவர்களுக்கு இரண்டு நிமிஷ வாய்ஸ் மெசேஜ் போடுங்கள். அது அன்றைக்குச் சாயங்காலமே எச்.ஆர். போனுக்கும் போய்விடும் என்பதை மனதில் வைத்துப் பேசுங்கள்.

உங்கள் கம்பெனியில் வட மாநிலத்து ஆட்கள் இருக்கிறார்களா? கடிதத்தில் இல்லை. இருந்தால் விட்டுவிடாதீர்கள். 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்த் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்துப் பையன்கள். எது ஆபத்து, எங்கே படுக்கக் கூடாது, எந்த வேலையை மறுக்கலாம் என்பதைத் தமிழில் சொன்னால் அவர்களுக்கு எப்படிப் புரியும்? பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. உங்கள் லைனிலேயே உருது பேசுகிற பெண்கள் இருப்பார்கள். அவர்கள் பேசினால் இந்திக்காரருக்குப் புரிந்துவிடும். தமிழ் மட்டும் தெரிந்த தலைவரால் செய்ய முடியாத வேலையை அவர்கள் செய்துவிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. அரைகுறையாகத் தெரிந்துகொண்ட ஒருவர் அடுத்த நாளே சூப்பர்வைசரிடம் போய்ப் பிரிவு எண் சொல்லிச் சண்டை போடுவார், மெமோ வாங்கிக்கொண்டு வருவார். நடக்காமல் இருக்காது. மெமோவுக்குத் தனியாகப் பதில் எழுதக் கூடாது, லைனில் வாக்குவாதம் செய்யக் கூடாது, தேதி நேரத்தோடு எழுதிச் சங்கத்தில் கொடுக்கவேண்டும் என்பதும் பாடத்தில் ஒன்று. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குறைதீர்க்கும் குழு வேண்டும், தொழிலாளரில் பெண்கள் எவ்வளவோ அந்த விகிதத்தில் குழுவிலும் பெண்கள் இருக்கவேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. முக்கால்வாசி பெண்கள் உள்ள உங்கள் ஆலையில் குழுவில் எத்தனை பெண்கள்? அதில் உட்காரத் தயாராக எத்தனை பேர்? வகுப்புக்குத் தொடர்ந்து வருகிறவர்களில்தான் தேடவேண்டும். அவர்களில் ஒருத்தி அடுத்த தேர்தலில் உங்களை எதிர்த்தே நிற்கலாம். நின்றால் வருத்தப்படாதீர்கள், வகுப்பு வேலை செய்கிறது என்று அர்த்தம்.

ஒப்பந்தத்துக்கு ஏழு மாதம் இருக்கிறது என்றீர்கள். கோரிக்கைப் பட்டியலை இந்த முறை செயற்குழு எழுதவேண்டாம். பழைய ஒப்பந்தத்தை ஜெராக்ஸ் எடுத்து ஒவ்வொரு ரூட்டுக்கும் கொடுத்து, ஒருவர் சத்தமாகப் படிக்க மற்றவர்கள் கேட்கட்டும். 'இது நடந்ததா, இல்லையா' என்று வரிக்கு வரி குறிக்கட்டும். நிறைவேறாத வரிகள்தான் புதிய பட்டியலின் முதல் பக்கம். சம்பளம் தவிர, பாத்ரூம் போக டோக்கன் வாங்குவது, பஸ் நேரம், பிள்ளைகள் காப்பகம் என்று ஆண்கள் மட்டும் உட்கார்ந்து எழுதினால் வராத பலதும் அப்போது வரும். அப்புறம் செயற்குழுவில் ஒரே ஒரு தீர்மானம் போடப் பாருங்கள்: வரைவு ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு ஏழு நாள் முன்னால் எல்லா ரூட்டிலும் படித்துக் காட்டி, பொதுக்குழுவில் வாக்கெடுத்த பிறகே கையெழுத்து. தலைவர் ஒத்துக்கொள்ளத் தயங்கினால் மேலே நான் சொன்ன நான்காம் பக்கக் கதையைச் சொல்லுங்கள். அதைப் படித்துவிட்டுக் கோட்டைவிட்ட வக்கீலே எழுதினார் என்றும் சொல்லுங்கள்.

வரைவு தயாரானதும் எனக்கு அனுப்பலாம், பார்த்துத் தருகிறேன். ஆனால் அது என்னிடம் வரும்போது ஓரத்தில் பேனாக் கிறுக்கல் இருக்கவேண்டும். 'இந்த டார்கெட் முடியாது', 'இது போன தடவையும் சொன்னாங்க, செய்யல', 'இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்' என்று குறைந்தது நாலு பேர் கையெழுத்தில். வெள்ளைத் தாளாக வந்தால் படிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவேன்.